சிறு காற்றாலை விற்பவர்களே, வாட்டை விடுங்கள், விட்டத்தைச் சொல்லுங்கள்

சிறு காற்றாலை தயாரிப்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும்,

வணக்கம்.

வீட்டிலும் தோட்டத்திலும் நிறுத்தி மின்சாரம் எடுக்கும் சிறிய காற்றாலைகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் எங்கள் வேலை. நீங்கள் அனுப்பும் பெட்டியைப் பிரித்துக் கோபுரத்தில் ஏற்றுவது நாங்கள். ஆறு மாதம் கழித்து "ஆயிரம் வாட் என்றார்களே, ஒரு பல்பு எரியக் காணோமே" என்ற கேள்வியை வாங்கிக்கொள்வதும் நாங்கள்தான். அந்தக் கேள்விக்கான பதில் பெரும்பாலும் இயந்திரத்தில் இல்லை, உங்கள் பெட்டியின் மேல் அச்சாகியிருக்கும் எண்ணில் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் அந்த வாட். சூரியத் தகடு விற்பவர் "500 வாட்" என்று எழுதினால், எந்த வெளிச்சத்தில், எந்தச் சூட்டில் அளந்தது என்பதற்கு ஒரே அளவுகோல் இருக்கிறது. காற்றாலையில் நீங்கள் எழுதும் வாட்டுக்குப் பெரும்பாலும் அப்படி எதுவும் இல்லை. ஒருவர் விநாடிக்கு 11 மீட்டர் காற்றில் கிடைப்பதை எழுதுகிறார், ஒருவர் 14 மீட்டரில் கிடைப்பதை எழுதுகிறார், இன்னொருவர் ஜெனரேட்டர் எரியாமல் தாங்கக்கூடிய உச்சத்தை எழுதிவிடுகிறார். மூன்றும் "1000 வாட்" என்ற ஒரே பெயரில் கடைக்கு வருகின்றன.

விநாடிக்கு 12 மீட்டர் என்றால் மணிக்கு 43 கிலோமீட்டர். பெரிய கிளைகள் ஆடும், கம்பிகள் விசிலடிக்கும், குடை பிடித்து நடப்பது கடினம். வாங்குபவரின் தோட்டத்தில் அந்தக் காற்று ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் அடிக்கும்? அவர் அன்றாடம் பார்ப்பது 3 முதல் 5 மீட்டர் காற்று. 5 மீட்டர் என்பது இலைகளும் சிறு கொப்புகளும் ஓயாமல் அசையும் காற்று, அவ்வளவே. உங்கள் எண் புயலுக்கு முந்தைய மாலையைப் பற்றியது, அவருடைய மின்தேவையோ தினசரி.

கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் கன அளவில் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. கடல்மட்டக் காற்றில், இறக்கை சுற்றும் வட்டத்தின் ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும் 3 மீட்டர் வேகத்தில் கடப்பது சுமார் 16 வாட்தான். 5 மீட்டரில் 77 வாட், 12 மீட்டரில் 1058 வாட். இதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த இறக்கையாலும் பிடுங்க முடியாது என்பதை ஜெர்மன் இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறாண்டுக்கு முன்பே நிறுவிவிட்டார். நடைமுறையில் ஒரு நல்ல சிறு இயந்திரம், இறக்கை, ஜெனரேட்டர், ரெக்டிஃபையர் (ஏசி மின்சாரத்தை டிசியாக்கும் பாகம்), வயர் எல்லாம் கடந்து 25 முதல் 30 சதவீதத்தைக் கொடுத்தால் அதுவே பாராட்டுக்குரியது.

இப்போது இறக்கை சுற்றும் வட்டம் 1.2 மீட்டர் விட்டமுள்ள ஒரு காற்றாலையை "1000 வாட், 12 மீட்டர் காற்றில்" என்று விற்பதாக வைத்துக்கொள்வோம். அதன் வட்டப் பரப்பு 1.13 சதுர மீட்டர். 12 மீட்டர் காற்றில் அந்த வட்டத்தைக் கடக்கும் மொத்த ஆற்றலே 1200 வாட்டுக்குள். பெட்ஸ் வரம்புப்படி அதில் 710 வாட்டுக்கு மேல் யாராலும் எடுக்க முடியாது. நேர்மையான 30 சதவீதம் என்றால் 360 வாட். ஆக, அந்த ஆயிரம் அச்சகத்தில் மட்டுமே உற்பத்தியாகும் மின்சாரம். 12 மீட்டர் காற்றில் உண்மையிலேயே 1000 வாட் வேண்டுமானால் விட்டம் 2 மீட்டராவது இருக்க வேண்டும், 11 மீட்டர் காற்றில் என்றால் 2.3 மீட்டர். இறக்கையின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து ஐந்தாகவோ ஏழாகவோ கூட்டினால் இந்தக் கணக்கு மாறாது. முறுக்குவிசை கூடும், மெல்லிய காற்றில் சீக்கிரம் சுழலத் தொடங்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். வட்டம் பெரிதாகாது. 1888இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் சார்லஸ் பிரஷ் என்ற கண்டுபிடிப்பாளர் தம் வீட்டுக்கென்று நிறுத்திய காற்றாலைக்கு 144 இறக்கைகள், 17 மீட்டர் விட்டம். கிடைத்தது 12 கிலோவாட். விட்டத்தை மறைத்து இறக்கைகளை எண்ணிக் காட்டும் வழக்கம் அவருக்கும் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ!

எனவே எங்கள் முதல் கோரிக்கை: பெட்டியின் முகப்பில் வாட் இருக்கும் இடத்தில் விட்டத்தை அச்சிடுங்கள். அதற்கு அடுத்தபடி ஆண்டு உற்பத்தியை யூனிட்டில் எழுதுங்கள். அமெரிக்காவில் 2009இல் வந்த சிறு காற்றாலைத் தரவரையறை இதைத்தான் செய்தது. திறனை எல்லோரும் 11 மீட்டர் காற்றில் கிடைப்பதாகவே சொல்ல வேண்டும், ஆண்டு உற்பத்தியைச் சராசரி 5 மீட்டர் காற்றுக்குச் சொல்ல வேண்டும், ஒலி அளவையும் சொல்ல வேண்டும். மூன்றே எண். ஒரே அளவுகோல் என்பதால் வாங்குபவரால் இரண்டு இயந்திரங்களை ஒப்பிட முடியும்.

ஆண்டு உற்பத்தியைச் சராசரி வேகத்தை வைத்து நேராகக் கணக்கிட்டால் தவறும். சராசரி 5 மீட்டர் என்றால் காற்று 2இலும் அடிக்கும், 10இலும் அடிக்கும். கன அளவில் கூடுவதால் 10இல் அடிக்கும் சில மணி நேரம் கணக்கையே தூக்கிவிடும். வழக்கமான காற்றுப் பரவலில் இந்த ஏற்றம் ஏறத்தாழ 1.9 மடங்கு. அதையும் சேர்த்து, ஒட்டுமொத்தமாக 20 சதவீதம் கைக்கு வருவதாகக் கொண்டால், 2 மீட்டர் விட்டமுள்ள இயந்திரம் சராசரி 3 மீட்டர் காற்றுள்ள இடத்தில் ஆண்டுக்குச் சுமார் 170 யூனிட் தரும். 4 மீட்டரில் 400, 5 மீட்டரில் 800, 6 மீட்டரில் 1400. ஒரே இயந்திரம்தான். இடத்தைப் பொறுத்து எட்டு மடங்கு வித்தியாசம். "1 கிலோவாட், நாளுக்கு 24 யூனிட்" என்று வாய்க்கணக்குப் போடும் முகவர்களிடம் இந்த வரிசையைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.

அடுத்தது கோபுரம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் இயந்திரத்தை மட்டும் விற்றுவிட்டு, "குழாய் ஒன்றில் பொருத்திக்கொள்ளவும்" என்று கையேட்டில் ஒரு வரியோடு முடித்துவிடுகிறீர்கள். காற்றாலையில் பாதி கோபுரம்தான்.

மொட்டை மாடியில் இரண்டு மீட்டர் குழாய் நட்டு வைக்கும் படத்தை உங்கள் விளம்பரத்திலிருந்து தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கட்டடத்தில் மோதும் காற்று நேராக ஓடாது, சுருண்டு எழும்பும். அந்தச் சுழிக்குள் நிற்கும் காற்றாலை நாள் முழுக்கத் திசை தேடித் திரும்பிக்கொண்டே இருக்கும். சுழல்வதுபோலத் தோன்றும், கரண்ட் வராது. இறக்கை அடிப்பாகமும் தலை திரும்பும் பேரிங்கும் அடுத்தடுத்து வரும் திசைமாற்றத்தில் தேய்ந்து விரிசல் விடும். போதாக்குறைக்கு அதிர்வு சுவர் வழியே இறங்கி, கீழே படுத்திருப்பவரின் தலையணைக்கே வந்துவிடும். பிரிட்டனில் 2007, 2008இல் 26 சிறு காற்றாலைகளைக் கண்காணித்த வார்விக் ஆய்வின் முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். நிறுத்திவைத்த நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால், அச்சிட்ட திறனில் சராசரியாக 0.85 சதவீதமே கிடைத்தது. ஓட விட்ட நேரத்தை மட்டும் எடுத்தாலும் 4.15 சதவீதம்தான். அவை கட்டடங்களோடு சேர்த்து நிறுத்தப்பட்டவை.

எங்கள் துறையில் பழக்கத்தில் உள்ள விதி எளியது: சுற்றுவட்டாரம் 150 மீட்டருக்குள் உள்ள எந்த மரம், கட்டடத்தையும்விட இறக்கையின் கீழ்முனை 9 முதல் 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு தடையின் உயரத்தைப்போல இரு மடங்கு மேலேயும், இருபது மடங்கு தொலைவு காற்று போகும் திசையிலும் அதன் சுழிப்பு நீளும். மரங்கள் வளரும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும், இன்றைக்கு 6 மீட்டர் மரம் பத்தாண்டில் 10 மீட்டராகலாம். திறந்த சமவெளியில்கூட 10 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்குப் போனால் ஆற்றல் சுமார் 35 சதவீதம் கூடும், மரமும் வேலியும் உள்ள விவசாய நிலத்தில் 65 சதவீதத்துக்கு மேல். கோபுரத்தை உயர்த்துவதைவிட மலிவாக உற்பத்தியைக் கூட்டும் வழி இல்லை. ஆனால் நீங்கள் கோபுரத்தை விற்பதில்லை, அதனால் சொல்வதுமில்லை. (இன்னும் பெரிய ஜெனரேட்டர் வாங்கச் சொல்வீர்கள்.)

2 மீட்டர் இயந்திரத்துக்கு 2 அங்குல இரும்புக் குழாய்க் கோபுரம், ஸ்டே (கோபுரத்தைச் சுற்றிலும் இழுத்துப் பிடிக்கும்) கம்பி கட்டி, சாய்த்து எழுப்பும் வகை போதும். 12 மீட்டர் உயரம் என்றால் 5, 6 மீட்டருக்கு ஓர் அடுக்காக ஸ்டே, அடுக்குக்கு நான்கு. மூன்று ஸ்டேயில் கோபுரம் நிற்கும், ஆனால் சாய்க்க முடியாது. சாய்க்கும்போது இரு பக்கமும் பிடிக்க ஆள் வேண்டும் அல்லவா? அந்த வேலையைச் செய்பவை பக்கவாட்டு ஸ்டேக்கள்தான். ஸ்டேயைத் தரையில் பிடிக்கும் நங்கூரங்கள் அடியிலிருந்து குறைந்தது கோபுர உயரத்தில் பாதித் தொலைவில், அதாவது இங்கே 6 மீட்டரில் இருக்க வேண்டும். பக்கவாட்டு நங்கூரங்கள் இரண்டும் அடிக்கீலின் அச்சுக்கு நேர்கோட்டிலும் அதே மட்டத்திலும் அமைய வேண்டும். நிலம் சரிவானால் இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். மேட்டுப் பக்க நங்கூரம் கீலைவிட உயரத்தில் இருந்தால், கோபுரம் எழும்ப எழும்ப அந்தப் பக்க ஸ்டேயின் இறுக்கம் மாறிக்கொண்டே போகும். ஒரு நிலையில் தொய்ந்து கிடப்பது இன்னொரு நிலையில் குழாயை வில்லாக வளைத்துவிடும். கோபுரத்தை முதலில் இயந்திரம் இல்லாமல் வெறுமையாக எழுப்பிப் பார்க்கச் சொல்லிக் கையேட்டில் ஒரு வரி சேர்த்தால் பாதி விபத்து குறையும்.

ஸ்டே கம்பியின் முனையை மடக்கி யு கிளிப் போடும் விதத்தையும் ஒரு படமாகப் போடுங்கள். முனைக்கு மூன்று கிளிப்பாவது வேண்டும். கிளிப்பின் அகன்ற அடிப்பகுதி பளு தாங்கும் நீளக் கம்பியின் மேல் உட்கார வேண்டும், யு வளைவு வெட்டிய முனையின் மேல் வர வேண்டும். மாற்றிப் போட்டால் யு வளைவு பளு தாங்கும் கம்பியை நசுக்கி அதன் பலத்தைக் குறைத்துவிடும். ஸ்டேயை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளைக் கம்பியால் வளைத்துப் பூட்டாவிட்டால் அதிர்வில் தானே அவிழும். எழுப்பிய ஒரு மாதத்தில் எல்லா ஸ்டேயையும் மறுபடி இறுக்க வேண்டும், பிறகு ஆண்டுக்கு இரு முறை. ஒவ்வொரு நங்கூரத்தையும் கோபுர அடியையும் எர்த் செய்ய வேண்டும். வெட்டவெளியில் உயர்ந்து நிற்கும் இரும்புக்குச் செய்யும் எர்த்தை வீட்டு ஒயரிங் வேலைபோல நினைக்கக் கூடாது.

செங்குத்து அச்சுக் காற்றாலைகளைப் பற்றி இரண்டு வரி போதும். "எந்தத் திசைக் காற்றையும் பிடிக்கும், மாடிக்கு ஏற்றது" என்று விற்கிறீர்கள். திசை தேட வேண்டாம் என்பது உண்மை. சுழிக்காற்றில் ஆற்றலே குறைவு என்பதும் உண்மை. அது எந்த அச்சுக்கும் பொருந்தும். பின்லாந்தின் சவோனியஸ் வடிவம் காற்றால் தள்ளப்பட்டுச் சுழல்வது, முறுக்குவிசை அதிகம், திறன் குறைவு. பிரான்சின் டாரியஸ் வடிவம் வேகமாகச் சுழலும், ஆனால் பெரும்பாலும் தானாகத் தொடங்காது. அதன் ஒவ்வோர் இறக்கையிலும் ஒவ்வொரு சுற்றுக்கும் விசை திசைமாறுவதால் இறக்கையைப் பிடிக்கும் இணைப்புகள் களைத்து முறியும்.

இனி எங்களை அதிகம் வேலை வாங்கும் விஷயத்துக்கு வருகிறோம்: கட்டுப்பாடு இல்லாமல் ஓடுவது.

காற்றாலைக்கு லோடுதான், அதாவது அதன் மின்சாரத்தை இழுத்துக்கொள்ளும் பேட்டரி போன்றவைதான் பிரேக். 2 மீட்டர் இயந்திரம், இறக்கை முனை காற்றைவிட 6 மடங்கு வேகத்தில் ஓடும் வடிவம் என்றால், 5 மீட்டர் காற்றில் நிமிடத்துக்குச் சுமார் 290 சுற்று, 11 மீட்டரில் 630 சுற்று. 630 சுற்றில் ஒரு கிலோ எடையுள்ள இறக்கை, அதன் எடைமையம் 40 சென்டிமீட்டரில் இருந்தால், வேரைப் பிய்த்துக்கொள்ள இழுக்கும் விசை சுமார் 180 கிலோ எடைக்குச் சமம். லோடு போய்விட்டால் வேகம் இரட்டிப்பாகும். இழுவிசை நான்கு மடங்காகும், 700 கிலோவைத் தாண்டும். இறக்கையின் அடியில் இருப்பதோ மூன்று போல்ட்.

லோடு எப்படிப் போகும்? நாங்கள் பார்ப்பதில் பெரும்பங்கு சூரியத் தகட்டுக் கன்ட்ரோலரைக் காற்றாலைக்குப் போட்டதால். அந்தக் கன்ட்ரோலர் பேட்டரி நிறைந்ததும் தகட்டின் இணைப்பைத் துண்டிக்கும். தகட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, வெயிலில் சும்மா கிடக்கும். காற்றாலையின் இணைப்பைத் துண்டித்தால் அது கட்டவிழ்த்த காளைதான். நல்ல காற்றடிக்கும் நாளில்தான் பேட்டரியும் நிறையும் என்பதை யோசித்துப் பாருங்கள், துண்டிப்பது எப்போதும் மிக மோசமான நேரத்திலேயே நிகழும். காற்றாலைக்கு வேண்டியது இணைப்பை விடாமல் மிகுதியை டம்ப் லோடுக்கு (மிகுந்த மின்சாரத்தை வெப்பமாக்கிவிடும் ரெசிஸ்டருக்கு) திருப்பும் கன்ட்ரோலர்.

லித்தியம் பேட்டரி வந்தபின் இதில் புதிய சிக்கல் சேர்ந்திருக்கிறது. பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் ஏதாவது ஒரு செல்லில் மின்னழுத்தம் மிகுந்தால் மொத்தப் பேட்டரியையும் கணப்பொழுதில் துண்டித்துவிடும். கன்ட்ரோலர் பேட்டரியின் மின்னழுத்தத்தைப் பார்த்தே இயங்குவது. பேட்டரி மறைந்ததும் காற்றாலையின் மின்னழுத்தம் எகிறி, கன்ட்ரோலர் எரிகிறது, அதன்பின் இறக்கைக்கு எந்தப் பிடியும் இல்லை. "லித்தியத்துக்கு ஏற்றது" என்று எழுதுமுன், பேட்டரி திடீரெனத் துண்டிக்கப்படும்போது உங்கள் கன்ட்ரோலர் என்ன செய்கிறது என்பதைச் சோதித்து எழுதுங்கள். டம்ப் லோடு இயங்கும் வோல்ட்டேஜ் பேட்டரி துண்டிக்கும் வோல்ட்டேஜைவிடத் தெளிவாகக் குறைவாக இருக்க வேண்டும். பேட்டரியைச் சாராமல் காற்றாலைப் பக்கத்து வோல்ட்டேஜைப் பார்த்தே இயங்கும் இரண்டாவது டம்ப் இருந்தால் இன்னும் நல்லது. மின்வாரிய இணைப்போடு ஓடும் இன்வெர்ட்டருக்கும் இதே கதைதான். லைன் போனதும் இன்வெர்ட்டர் விலகிக்கொள்ள வேண்டும், அது பாதுகாப்பு விதி. லைன் திரும்பிய பின்னும் அது சில நிமிடம் காத்திருக்கும். அவ்வளவு நேரம் காற்றாலையை யார் பிடித்துக்கொள்வது? அதற்கான ரெசிஸ்டரை இன்வெர்ட்டரோடு சேர்த்தே விற்க வேண்டும், விருப்பப் பொருளாகத் தனிப் பக்கத்தில் அல்ல.

டம்ப் லோடின் அளவையும் நீங்களே கணக்கிட்டுத் தாருங்கள். 24 வோல்ட் பேட்டரி, இயந்திரத்தின் உச்சக் கரண்ட் 40 ஆம்பியர் என்றால், 28.8 வோல்ட்டில் 0.72 ஓம். அதில் வெப்பமாவது 1150 வாட். ரெசிஸ்டரின் தாங்குதிறன் அதைப்போல இரு மடங்கு இருக்கட்டும், காற்றோட்டமுள்ள இடத்தில், மரத்திலிருந்தும் பேட்டரி வாயுவிலிருந்தும் விலகி இருக்கட்டும். நீங்கள் சொல்லாததால் ஜனங்கள் கைக்குக் கிடைத்த 230 வோல்ட், 2000 வாட் வாட்டர் ஹீட்டர் காயிலை மாட்டிவிட்டு "2000 வாட் டம்ப் போட்டாச்சு" என்று நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தக் காயிலின் தடை 26 ஓம். 28 வோல்ட்டில் அது இழுப்பது ஒரு ஆம்பியர் சொச்சம், 30 வாட். யானையைப் பருத்தி நூலால் கட்டிய மாதிரி.

வால் மடங்கி ஒதுங்கும் அமைப்பு உள்ள இயந்திரங்கள் விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இறக்கை மையம் திரும்பும் அச்சிலிருந்து சற்று விலகியிருக்கும். பலத்த காற்று இறக்கையைப் பக்கவாட்டில் தள்ள, வால் சாய்ந்த கீலில் மேலேறி மடங்கும், காற்று தணிந்ததும் தன் எடையால் திரும்பும். நல்ல அமைப்பு, எளியது. வால் எவ்வளவு கனமோ அவ்வளவு தாமதமாக ஒதுங்கும். அதனால்தான் சொல்கிறோம்: வாலின் எடையைக் கையேட்டில் கிராம் கணக்கில் எழுதுங்கள், "இதில் பெயர்ப்பலகை மாட்டாதீர்கள், தடித்த பெயின்ட் அடிக்காதீர்கள், பெரிய தகடாக மாற்றாதீர்கள்" என்றும் எழுதுங்கள். வாலை அழகுபடுத்தியபின் கருகிய ஸ்டேட்டர்களுக்கு (ஜெனரேட்டரின் சுழலாத காயில் பகுதிகளுக்கு) குறைவில்லை. வாலின் கீலில் துரு பிடித்து இறுகினாலும் இதே விளைவுதான். அந்தக் கீலுக்குக் கிரீஸ் வைக்கும் வழி இருக்க வேண்டும், பல இயந்திரங்களில் இல்லை.

ஷார்ட் பிரேக் சுவிட்சைக் கொடுப்பவர்கள், அதன் எல்லையையும் சொல்லுங்கள். மூன்று பேஸ் வயர்களையும் ஒன்றாக இணைத்தால் இறக்கை நிற்கும், மெல்லிய காற்றில். சூறைக்காற்றில் முழு வேகத்தில் ஓடும்போது போட்டால் நிற்காமல் போகலாம், காயில் சூடேறி எரியலாம். காற்று எழும்புமுன் போட வேண்டிய சுவிட்ச் அது. அதை ரெக்டிஃபையருக்கு முன்னால், காற்றாலைப் பக்கத்தில் மட்டுமே போட வேண்டும் என்பதைச் சிவப்பில் அச்சிடுங்கள். பேட்டரிப் பக்கத்தில் போட்டுவிட்டால் ஷார்ட்டாவது பேட்டரி.

வயர் விஷயத்தில் 12 வோல்ட் இயந்திரங்களை விற்பதையே நிறுத்தலாம் என்பது எங்கள் கருத்து. தோட்டத்தில் கோபுரம் வீட்டிலிருந்து விலகித்தான் நிற்கும், விலகி நிற்கத்தான் வேண்டும். 40 மீட்டர் தூரம், 6 சதுர மில்லிமீட்டர் செம்பு, நேர்மின்னோட்டம் என்றால் போக வர 0.23 ஓம். 500 வாட்டை 12 வோல்ட்டில் அனுப்ப 42 ஆம்பியர் வேண்டும், வழியிலேயே 400 வாட் போய்விடும். 48 வோல்ட்டில் 10 ஆம்பியர் சொச்சம், இழப்பு 25 வாட். ரெக்டிஃபையர் டயோடுகளில் விழும் ஒன்றரை வோல்ட்டும் 12 வோல்ட் அமைப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்னும், 48இல் அது பொருட்டல்ல. அந்த டயோடுகள் 40 ஆம்பியரில் 60 வாட் சூட்டை உமிழும். அவற்றைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து அனுப்புகிறீர்கள்.

உதிரிப் பாகங்கள். பேரிங் எண்ணைக் கையேட்டில் எழுதுங்கள், எழுதுவதில் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. 6205 என்று தெரிந்தால் எந்த ஊரிலும் வாங்கிவிடலாம். தெரியாவிட்டால் கோபுரத்தை இறக்கி, கழற்றி, எண்ணைப் பார்த்து, எழுப்பி, பேரிங் வந்ததும் மறுபடி இறக்க வேண்டும். இறக்கைகளை மூன்றும் சேர்த்து எடை பார்த்த செட்டாகவே விற்பனைக்கு வையுங்கள். ஒன்று உடைந்து ஒன்றை மட்டும் மாற்றினால் சமநிலை கெட்டு, அதிர்வு முதலில் வாலையும் பிறகு பேரிங்கையும் தின்னும். காந்தங்களுக்குப் பூச்சு மட்டும் போதாது, ரெசினில் முழுதாகப் புதைந்திருக்க வேண்டும். அவை செய்யப்பட்ட நியோடைமியம் ஈரத்தில் துருப்பிடித்து உப்பும், உப்பினால் ஸ்டேட்டரில் உரசும். சாதாரண ரகம் 80 டிகிரிக்கு மேல் சூடேறினால் காந்தசக்தியை இழக்கத் தொடங்கும் என்பதையும் மறைக்க வேண்டாம்.

தண்ணீர் இறைக்க வாங்குபவர்களிடம் இரண்டு வகையைக் குழப்பாதீர்கள். பதினெட்டு, இருபது தகடுகளோடு மெதுவாகச் சுழன்று நேரடியாகப் பம்பை இயக்கும் காற்றாலை வேறு, மின்சாரம் தருவது வேறு. முன்னது முறுக்குவிசைக்கானது, அதில் ஜெனரேட்டர் மாட்டினால் சுற்று வேகம் போதாது. மின்பம்ப் வேண்டுபவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்: 20 மீட்டர் ஆழத்திலிருந்து, பம்பும் மோட்டாரும் சேர்ந்து 35 சதவீதத் திறன் என்றால், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 6400 லிட்டர். ஆண்டுக்கு 400 யூனிட் என்றால் நாளுக்கு ஒரு யூனிட் சொச்சம், 7000 லிட்டர். காற்றில்லாத வாரத்தில் பூஜ்யம். அதனால் பேட்டரியில் போடும் பணத்தைத் தொட்டியில் போடச் சொல்லுங்கள். உயரத்தில் நிறைந்த தொட்டி பழுதாகாத பேட்டரி.

சில இடங்களுக்கு உங்கள் இயந்திரம் வேண்டாம் என்று நீங்களே சொல்ல வேண்டும். சராசரி 4 மீட்டருக்குக் குறைவான இடத்தில், வெயில் நன்றாக உள்ளவருக்கு, சூரியத் தகடே போதும். அசையும் பாகமில்லை, கோபுரமில்லை, ஆண்டுக்கிரு முறை ஸ்டே இறுக்கத் தேவையில்லை. வெயில் குறையும் பருவத்தில் காற்று கூடும் இடங்களில் இரண்டையும் சேர்ப்பதில் நல்ல பலன் உண்டு, அங்கே நாங்களே பரிந்துரைப்போம். காற்றை அறிய, நிறுத்தப்போகும் உயரத்தில் ஒரு காற்றுவேகமானியை ஓராண்டு வைத்துப் பதிவெடுப்பதே சரியான வழி. அவசரக்காரர் மூன்று மாதமாவது வைத்து, அருகிலுள்ள வானிலை நிலையத்தின் அதே மாதப் பதிவோடு ஒப்பிட்டுக் கொள்ளலாம். இயந்திரத்தோடு மானியை விற்காமல், இயந்திரத்துக்கு முன்பே மானியை வாடகைக்குக் கொடுங்கள்.

உங்கள் பெட்டியில் எதிர்பார்ப்பதை, 2 மீட்டர் இயந்திரம் ஒன்றை வைத்து மாதிரிக்கு எழுதிக் காட்டுகிறோம். உங்கள் எண்களை நிரப்பி அப்படியே அச்சிடலாம்:

"விட்டம் 2 மீட்டர், வட்டப் பரப்பு 3.14 சதுர மீட்டர். 5 மீட்டர் காற்றில் 60 வாட், 11 மீட்டர் காற்றில் 770 வாட், அளந்தது பேட்டரி முனையில். ஆண்டு உற்பத்தி: சராசரி 4 மீட்டர் காற்றில் 400 யூனிட், 5 மீட்டரில் 800 யூனிட். 12 மீட்டர் காற்றில் வால் மடங்கத் தொடங்கும். வெளியீடு 48 வோல்ட். டம்ப் லோடு பெட்டிக்குள் உள்ளது, அதை இணைக்காமல் இறக்கையைப் பொருத்தக் கூடாது. கட்டடத்தின் மேல் நிறுத்துவதற்கல்ல. கோபுரம் குறைந்தது 12 மீட்டர், வரைபடம் 14ஆம் பக்கத்தில்."

இப்படிக்கு,
சிறு காற்றாலைகளைப் பொருத்துபவர்கள், பழுது பார்ப்பவர்கள்